எல்லா போர்டிலும் ஓடிய கார்டு

"ஏனுங்க டாக்டரே, நோயாளி கண்ணே முழிக்க மாட்டேங்குதுங்க."

போனை எடுத்தால் அந்த ஆபரேட்டர் இப்படித்தான் ஆரம்பிப்பார். நோயாளி என்பது திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் அவர் ஓட்டிய மிஷினின் பேனல். டாக்டர் நான். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு, சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தவனை டாக்டர் என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு வேலை போனதற்குக் காரணமும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மூடிவைத்திருந்து சொன்னால் நானே ஏதோ பாவப்பட்டவன் மாதிரி ஆகிவிடுவேன்.

எங்கள் கம்பெனி சின்னது. பன்னிரண்டு பேர். சாய மிஷின்களுக்கு பேனல் செய்து கொடுக்கிறோம். முன்னால் ஒரு தொடுதிரை, பின்னால் உள்ளங்கை அளவு போர்டு, அந்தப் போர்டிலிருந்து எட்டு ரிலே. ரிலே என்றால் சுவிட்சு மாதிரிதான், விரலுக்குப் பதில் போர்டு தட்டுகிறது. தண்ணீர் வால்வைத் திறப்பது, ஆவியை விடுவது, சாயக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்குவது எல்லாம் அந்த எட்டின் வேலை. போர்டை வெளியிலிருந்து வாங்குவோம். அதற்குள் ஓடுகிற மென்பொருளை நான் செய்வேன்.

செய்வேன் என்பதைவிடச் சமைப்பேன் என்று சொல்லலாம். எதை எங்கிருந்து எடுப்பது, எந்தத் திருத்தத்தை அதில் ஒட்டுவது, எந்த வரிசையில் சேர்ப்பது என்று எழுதிவைக்கும் கோப்புக்கு எங்கள் தொழிலில் ரெசிபி என்றே பெயர். ரெசிபிகளை எல்லாம் அடுப்பில் ஏற்றினால் இரண்டு மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர் சூடாகி மூச்சு வாங்கி, கடைசியில் ஒரு மெமரி கார்டில் இறக்கும்படியாக ஒன்றைத் தரும். அந்தக் கார்டைப் போர்டில் செருகினால் பேனல் உயிர் பெறும். "ஊரெல்லாம் போயி ரெசிபி எழுதறேன் ரெசிபி எழுதறேன்னு சொல்றாரு, ஒரு ரசம் வெக்கத் தெரியாது" என்பது என் வீட்டுக்காரி என்னைப் பற்றி அவள் அண்ணனிடம் சொன்னது.

ரெசிபி எல்லோருக்கும் பொது. போர்டு அப்படி இல்லை. ஒரே சிப்பை வைத்துப் பத்துப் பேர் பத்து விதமாகப் போர்டு செய்கிறார்கள். அதனால் பொது ரெசிபியில் கை வைக்காமல், பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பை வைத்து, இன்ன போர்டாக இருந்தால் மட்டும் இதைச் சேர் என்று போர்டின் பெயரைப் போட்டு எழுத வேண்டும். வேலையே இந்த 'மட்டும்' தான். இதைப் பிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஓட்டை இங்கிலீஷில் இணையத்தில் கேள்வி போடுவேன். எந்த ஊர்க்காரனோ பதில் போடுவான். நான் எழுதிய முதல் ரெசிபி முதல் போர்டைக் கண் திறக்க வைத்த அன்று, ஆபீஸில் எல்லோருக்கும் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு சிப் கிடைக்காத காலம் வந்தது. நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த போர்டு வரவில்லை. எங்கள் முதலாளி வேறொரு இடத்தில் வேறொரு போர்டைப் பிடித்தார். அதே சிப், அதே பச்சை, அதே அளவு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி. ஒரே ஒரு வித்தியாசம், எட்டாவது ரிலே தலைகீழ். பழைய போர்டில் அந்த ரிலேக்கு மின்சாரம் கொடுத்தால் வால்வு திறக்கும். புதியதில் கொடுத்தால் மூடும். ஏன் இப்படி என்று மெயில் போட்டேன். டிசைன் அப்படித்தான் என்று ஒரு வரியில் பதில் வந்தது. எட்டாவது ரிலேயில்தான் சாயம் இறக்கும் வால்வு இருந்தது.

சரி, புது போர்டின் பெயரைப் போட்டு ஒரு 'மட்டும்' எழுதினேன். ஆக இரண்டு கார்டு, பழசுக்கு ஒன்று, புதுசுக்கு ஒன்று. கார்டுக்குக் கார்டு மேலே எந்த வித்தியாசமும் தெரியாது. மஞ்சள் ஸ்டிக்கர், நீல ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன். சாயப்பட்டறை ஆவியில் ஒரு வாரம் தாங்கவில்லை.

இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எது கெட்டாலும் முதல் வைத்தியம், பக்கத்து மிஷினில் இருப்பதைக் கழற்றி இதில் மாட்டிப் பார்ப்பது. பியூஸ், சென்சார், கேபிள், எதுவானாலும். ஓடினால் குறை எங்கே என்று தெரிந்துபோகும். காயில் கடையில் நான் முதலில் கற்றதே இதுதான். எங்கள் ஆபீஸில் யார் போனை எடுத்தாலும் ஏனுங்க என்பதற்கு அடுத்த பேச்சு, "மாத்திப் போட்டுப் பாருங்க."

இது தெரிந்தவன் ஆனதால் ரெசிபியில் ஒரு காவலும் வைத்தேன். ஏழு வரி. ஒவ்வொரு போர்டிலும் அதன் பெயரை எழுதிவைக்க ஒரு துளி இடம் உண்டு. கார்டு ஓடத் தொடங்கியதும் அந்தப் பெயரைப் படிக்கும். தனக்குரிய போர்டு இல்லையென்றால் அங்கேயே நின்று, இது வேறு போர்டின் கார்டு என்று திரையில் சொல்லும். எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த ஏழு வரி அதுதான்.

காவலோடு கார்டு அனுப்பிய மறுநாள் காலையிலேயே மூன்று பட்டறையிலிருந்து போன். பேனல் நிற்கிறது. என்ன என்று பார்த்தால், பழைய போர்டுகளைச் செய்தவர்கள் அவற்றில் பெயரே எழுதாமல் அனுப்பியிருந்தார்கள். அந்த இடம் காலி. காலி என்றால் என் காவலுக்கு அந்நியன். சரியான கார்டையே உள்ளே விடவில்லை.

எங்கள் முதலாளி குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் இல்லை.

"ஏனுங்க, நல்லா ஓடிட்டிருந்த மிஷினை நாமளே நிறுத்திப் போட்டமாமுங்க?"

"பழைய போர்டுல பேரு எழுதலீங்க. ஒரு முப்பது எடம் வருமுங்க. நேர்ல போயி எழுதிட்டு வந்தா முடிஞ்சுதுங்க."

"போர்டுக்குப் பேரு வெக்க ஊரு ஊராப் போவீங்களாக்கும். சீர் தட்டும் எடுத்துட்டுப் போங்க. நல்லாருக்குதுங்க நீங்க சொல்றது." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எல்லா போர்டுலயும் ஓடற மாதிரி ஒரு கார்டு வேணுமுங்க. அந்தக் காவலை எடுத்துப் போடுங்க."

எடுத்துப் போட்டேன். அவர் சொன்னார், நான் செய்தேன் என்று எழுதிவிட்டால் எனக்கு வசதி. உண்மை அது இல்லை. இன்னும் இரண்டு தரம் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். எனக்கு முப்பது ஊருக்கு பஸ் ஏறச் சோம்பல். ஏழு வரியையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பு எழுதினேன். இனிமேல் எந்தக் கார்டும் எந்தப் போர்டிலும் கண் திறக்கும், திரை வரும், ஏழு ரிலேயும் சொன்னபடி கேட்கும், எட்டாவது மட்டும் தலைகீழாக நிற்கும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அந்த ஆபரேட்டரைப் பற்றி. ஈரத்துணி வண்டி தள்ளும் வேலைக்கு அந்தப் பட்டறையில் சேர்ந்து, பன்னிரண்டு வருடம் தள்ளி, பிறகு மிஷினுக்கு வந்தவர். அவர் கையில் ஓடிய துணி ஒன்றுகூடக் குறையென்று திரும்பி வந்ததில்லை. இதை அவரே சொல்வார், பட்டறை ஓனரும் சொல்வார். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. "வெள்ளைத் துணி பொறந்த கொழந்தைங்க, நேவி புளூ மாமியாருங்க, எப்பிடிப் போட்டாலும் ஒரு கொறை சொல்லும்" என்பார். "சாய மாஸ்டர் மூஞ்சியைப் பார்த்தாலே இன்னிக்கு என்ன ஷேடுன்னு சொல்லிப்போடுவேனுங்க" என்பார். மனிதர்கள் பேசுவதைச் சேர்த்துவைக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. போனில் அதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், அதில் பாதி அவருடையது. ஒரு தரம் பட்டறைக்குப் போயிருந்தபோது நான் போனில் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க டாக்டரே, மருந்துச் சீட்டுங்களா?"

"இல்லீங்க, நீங்க சொன்னதைத்தான்."

"எம்பட பேச்சென்ன கிரயப் பத்தரமாக்கும், எழுதி வெக்கறதுக்கு." சொல்லிவிட்டு அன்று முழுக்க இன்னும் கொஞ்சம் அலங்காரமாகவே பேசினார்.

அந்த மத்தியானம் நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையில் இருந்தேன். மச்சான் மகள் கல்யாணம். என் வீட்டுக்காரி இரண்டு சேலைகளை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க, போன் அடித்தது. கரண்ட் போய் வந்ததில் பேனல் முழிக்கவில்லை. நோயாளி, கண், டாக்டர். உள்ளே துணி ஏற்றியாகிவிட்டது, சாயம் கரைத்து டேங்கில் தயாராக இருக்கிறது, தாமதம் ஆகக் கூடாது என்றார்.

"பக்கத்து மிஷின் ஓடுதுங்களா?"

"இல்லீங்க, சும்மாதான் நிக்குது. அதுக்குத் துணி வரலீங்க."

"அப்ப அதுல இருக்கிற கார்டை எடுத்து இதுல போட்டுப் பாருங்க."

எந்த மிஷினில் எந்தப் போர்டு என்று நான் கேட்கவில்லை. கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். "எதுங்க நல்லாருக்குது?" என்று இவள் கேட்க, நான் மயில் நீலத்தைக் காட்டினேன். சேலையை மடிப்பதற்குள் மறுபடி போன்.

"முழிச்சிருச்சுங்க! நீங்க கைராசிக்காரருங்க டாக்டரே. நாடி புடிக்காம போன்லயே வைத்தியமுங்க!"

நாடி பிடிக்காமல் என்பதை அங்கேயே எழுதிவைத்துக்கொண்டேன். பில் போடும் இடத்தில் நின்றபடி.

மறுநாள் காலையில் எங்கள் முதலாளிக்குப் பட்டறையிலிருந்து அழைப்பு. அவரும் நானும் காரில் போனோம். துணியை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். திட்டுத் திட்டாக, தேமல் விழுந்த மாதிரி நீலம். முக்கால் மணி நேரம் சிறுகச் சிறுக இறங்க வேண்டிய சாயம், வந்த வேகத்தில் மொத்தமாகக் கொட்டியிருந்தது. பேனலைத் திறந்து பார்த்தேன். பழைய போர்டு. அதில் புது போர்டின் கார்டு. எட்டாவது ரிலே. டேங்க் சட்டென்று காலியானதை ஆபரேட்டர் பார்த்திருக்கிறார். ஆனால் திரையில் வால்வு மூடியிருக்கிறது என்றுதான் காட்டியிருக்கிறது. டேங்கின் அளவுமானி கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார். திரையில் அந்த எழுத்துகளை வைத்தவன் நான்.

மிஷினுக்குப் பின்னால் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காவல், ஏழு வரி, போன். அவர் முகம் மாறவில்லை.

"இதை இங்கயே விட்டுப்போடுங்க. வெளிய சொன்னா நாளைக்கு இந்தப் பக்கம் நம்ம பேனல் ஒண்ணு நிக்காது. பன்னெண்டு ஊடு இதுலதானுங்க ஒல வெக்குது."

ஓனர் அறைக்குப் போனோம். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். ஆபரேட்டர் கதவோரம் நின்றிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே மாஸ்டரும் மற்ற ஆபரேட்டர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"கார்டு மாத்திப் போட்டா இப்பிடி ஆகுமுங்களா?" என்று ஓனர் என்னைக் கேட்டார்.

"ஆகுமுங்க."

"மாத்தச் சொன்னதே நீங்கதான்னு இவரு சொல்றாருங்க."

ஆபரேட்டர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். நீங்களே சொல்லிவிடுங்கள் என்கிற மாதிரி. பயமே இல்லை அந்த முகத்தில். நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நிச்சயம்.

"மாத்திப் பாருங்கன்னு பொதுவா எல்லாத்துக்கும் சொல்றதுதானுங்க," என்றேன். "எது எந்த மிஷினுக் கார்டுன்னு பார்த்துப் போடணுமுங்க."

பொய் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. நான் இதுவரை எழுதியதிலேயே கச்சிதமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆபரேட்டர் கேட்டார்: "பார்த்துப் போடறதுக்கு அதுல என்னங்க எழுதியிருக்குது?"

எங்கள் முதலாளி டீயை ஆற்றினார். பட்டறை ஓனர்தான் பேசினார். "சரிங்க, நீங்க ஊட்டுக்குப் போங்க. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க. கணக்கை முடிச்சு அனுப்பச் சொல்றேனுங்க."

எங்கள் ஊர் மரியாதைக்குப் பெயர் போனது. வெளியூர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு ரசிப்பார்கள், நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் வண்டி தள்ளி மேலே வந்த ஒருவரை, குரல் உயராமல், 'ங்க' விடாமல் மூன்று வாக்கியத்தில் வெளியே அனுப்பிவிட்டோம். அவரும் "சரிங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே காவலைத் திரும்ப வைத்தேன். இந்தத் தரம் முதலாளி மறு பேச்சுப் பேசவில்லை. சிங்காநல்லூரில் பஸ் ஏறி, பட்டறை பட்டறையாகப் போய்ப் பழைய போர்டுகளுக்குப் பெயர் எழுதினேன். ஒரு போர்டுக்கு நான்கு நிமிஷம். அந்தப் பட்டறைக்கும் போனேன். புது ஆபரேட்டர் நின்றிருந்தார். பேனலின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் என் போன் நம்பர், அதற்கு மேலே டாக்டர் என்று கோணல் எழுத்தில். "இது யாருங்க டாக்டரு?" என்று புதியவர் கேட்டார். தெரியாது என்றேன்.

ஆறேழு மாதம் கழித்து அவர் போத்தனூரில் ஒரு சலவைக் கூடத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். லாட்ஜ்களின் படுக்கை விரிப்பைத் துவைக்கும் இடம். பெரிய மிஷினுக்கு முன்னால் நின்றிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"வாங்க சார்" என்றார். சார்.

"எப்படி இருக்கீங்க?"

"அத்தனையும் வெள்ளைங்க. சாயமே இல்லை. கெட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். காவலை நான் எடுத்தது, தெரிந்தே எடுத்தது, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது. விரிப்புகளை உருவிக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டார். காவல் சங்கதி அவருக்குப் புதிது. மற்றதெல்லாம் அவர் கண்ணெதிரே நடந்ததுதானே.

"அன்னிக்கு அங்க சொல்லியிருக்கணுமுங்க. இந்த பெட்ஷீட்டுககிட்ட வந்து சொல்லி என்னங்க பண்றது?"

"ஓனருகிட்டப் போய்ச் சொல்றேனுங்க."

"சொல்லுங்க. அந்த வேலை எனக்கு வேண்டாமுங்க. ஆனா அங்க இருக்கறவங்க இன்னைக்கும், அவன் இத்தனை வருசம் ஒழுங்கா இருந்து கடைசில கை மறந்துபோட்டான்னுதான் பேசறாங்க. அவங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க." கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இதையும் போன்ல எழுதி வெச்சுக்குவீங்களாக்கும்."

அடுத்த திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன். முதலாளியிடம் சொல்லவில்லை. வேலை போனால் போகட்டும், திரும்பக் காயில் சுற்றலாம் என்கிற வரைக்கும் பஸ்ஸில் மனதைத் தயார் செய்திருந்தேன். ஓனர் அறைக்குள் நுழைந்து, அந்தத் துணி விஷயமாக என்று வாயெடுத்ததுமே அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வெளியே மிஷின் சத்தம் அடங்கியது. நான் முழுவதையும் சொன்னேன்.

"அப்பிடிங்களா," என்றார். "பாவமுங்க அவரு. அப்பவே சொல்லியிருந்தா வேற மாதிரி பார்த்திருக்கலாமுங்க. இப்ப புது ஆளு நல்லா செட்டாயிட்டாருங்க. இதை உங்க மொதலாளிகிட்டயும் நான் சொல்லலீங்க, நீங்களும் விட்டுப்போடுங்க. டீ சாப்பிடுங்க."

டீ வந்தது. குடித்தேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் மாஸ்டர் நிற்கிறார், நான்கு ஆபரேட்டர்கள் நிற்கிறார்கள். அங்கேயே நின்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருக்கலாம். "பேனல் ஓடுதுங்களா?" என்று கேட்டேன். ஓடுகிறது என்றார்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவருக்குப் போன் செய்தேன்.

"சொல்லிட்டேனுங்க, ஓனருகிட்ட. எல்லாமே."

"அப்பிடிங்களா. அங்க ஆரெல்லாம் இருந்தாங்க?"

"அவரும் நானும்தானுங்க."

"கதவு தொறந்திருந்துச்சுங்களா, சாத்தியிருந்துச்சுங்களா?"

"சாத்தியிருந்துச்சுங்க."

"சரிங்க சார்," என்றார். "மிஷின் நின்னுருச்சுங்க, நான் வாரேன்." வைத்துவிட்டார்.